ஆகாய கங்கையும் என் ஜீன்ஸ் பேன்ட்டும்

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், மூச்சு வாங்கும், அப்புறம் இறங்கும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்துவிடலாம். கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில் எல்லாம் தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். தெம்பு இருக்கும்போது இறக்கம், குளித்து முடித்துப் பசியெடுத்து கால் துவண்ட பிறகு ஏற்றம். போய் வந்தவர்கள் முன்னாலேயே சொன்னார்கள். நான்தான் "படிதானே" என்றேன்.

சோதனை மலையடிவாரத்துக் காரவள்ளியிலேயே தொடங்கிவிட்டது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. சின்னப் பையன்கள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்கள், நாற்பதுக்கு மேல் சத்தமே இல்லை, என்னடா என்று திரும்பிப் பார்த்தால் காலையில் தின்ற இட்லி வெளியே வரத் தயாராக இருந்தது. மீதியை விடுங்கள்.

கோயிலை ஒட்டி ஓடும் அய்யாறுதான் கொஞ்ச தூரம் தள்ளி சுமார் 300 அடி பள்ளத்தில் விழுந்து ஆகாய கங்கை ஆகிறது. அதற்கப்புறம் நாமக்கல் மாவட்டத்துக்கு டாட்டா காட்டிவிட்டு திருச்சி பக்கம் புளியஞ்சோலைக்கு இறங்கிவிடுகிறது. கோயில் பக்கத்து ஆற்று மீனை அறுத்தபோது அது மறுபடி ஒட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தது என்று தலக்கதை. கேட்டதும் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எத்தனை படி என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. சரி, நாமே எண்ணிவிடுவோம் என்று நானும் சித்தப்பாவும் தனித்தனியாக எண்ண ஆரம்பித்தோம். அறுநூற்றுச் சொச்சத்தில் ஒரு குரங்கு வந்து என் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை, பிடுங்கக்கூட இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வது மாதிரி வாங்கிக்கொண்டு போனது. எண்ணிக்கை அதோடு போச்சு. முழங்கால் அதற்கு முன்பே நடுங்க ஆரம்பித்திருந்தது; கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன்.

முதலில் சத்தம்தான் வருகிறது. அப்புறம் மரங்களுக்கு நடுவே காற்று திடீரென்று ஈரமாகிறது, மூக்குக் கண்ணாடி மங்குகிறது, துடைத்தால் மறுபடி மங்குகிறது. கடைசியில் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருவியை மங்கலாகவே பார்த்தேன். பாறைக்கு முப்பது அடி முன்னாலேயே சாரல் சுளீர் சுளீரென்று அடிக்கிறது. பக்கத்தில் நின்றவர் வாயசைப்பது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் போனது ஜனவரி. மழை ஓய்ந்து தண்ணீர் அளவாக இருந்தது. வெள்ளம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள், கோடையில் போனால் நூல் மாதிரி விழும்.

இப்போது பேன்ட் விஷயம். ஜீன்ஸோடு நனைந்துவிட்டேன். நனைந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு ஆயிரம் படி ஏறுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, தொடையில் இரண்டு நாள் தேங்காய் எண்ணெய் தடவினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இருபது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன், அப்புறம் பத்துக்கு ஒரு தடவை. வேட்டியை மடித்துக் கட்டிய சித்தப்பா, அறுபத்திரண்டு வயது, எனக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, மெதுவா வா, மலை எங்கயும் ஓடிடாது" என்றார். எரிச்சலாக வந்தது. தண்ணீர் பாட்டிலும் அவரிடம்தான் இருந்தது.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ஆட்டுக்கால் மாதிரியே ரோமம் ரோமமாக இருக்கும் அந்தக் கிழங்கைக் கடை முன்னால் குவித்து வைத்திருந்தார்கள்; தோலைச் சீவி, நசுக்கி, மிளகு சீரகத்தோடு கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்கள். மூட்டு வலி போகும் என்றார் கடைக்காரம்மா. வலி போகவில்லை, ஆனால் இரண்டாவது டம்ளரும் வாங்கினேன், மிளகு காரம் அப்படி.

மறுநாள் வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. சித்தப்பா போன் செய்தார், உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். "ஏப்பா, இறங்கும்போது எண்ணினதுக்கும் ஏறும்போது எண்ணினதுக்கும் பதினாலு படி வித்தியாசம் வருது, இன்னொரு தடவை போய்ப் பார்த்துடலாமா?"

நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.