பெரியம்மாவின் பைண்டிங்

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவின் ரத்தத்தில் சோடியம் 124, ரொம்பக் குறைவு. எலும்பு டாக்டர் இன்று வரவில்லை. அம்மா தூங்குகிறாள் என்று எழுதலாம். தூக்கம்தானா என்று தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

126. இரண்டு புள்ளிக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மெதுவாகத்தான் ஏற வேண்டுமாம், வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம். தண்ணீர் நாளுக்கு ஒரு லிட்டர்தான், காபி, கஞ்சி எல்லாம் சேர்த்து. டம்ளர் கணக்கை இந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ரேஷன் கடைக்காரரைப் பார்ப்பதுபோல் அம்மா என்னைப் பார்க்கிறாள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தி ஐந்து நாளாவது ஆக வேண்டும். அதுவரை ஆபரேஷன் கிடையாது, ஒடிந்த இடுப்பு அப்படியே கிடக்கும்.

ஜன்னலில் திருப்பரங்குன்றம் மலை தெரிகிறது. மேகம் இறங்கினால் மலையே இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்த பைண்டிங்கை எடுத்துட்டு வர்றியா?" என்றாள். எந்த பைண்டிங் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பைண்டிங் என்றால் ஒன்றுதான்.

நவம்பர் 4, செவ்வாய்

கொண்டு வந்துவிட்டேன். தையல் வரை பூச்சி அரித்திருக்கிறது. கல்கியில் வாரா வாரம் வந்ததைப் பெரியம்மா கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைக்கக் கொடுத்தது. குறிஞ்சி மலர், எழுதியவர் மணிவண்ணன். அது நா. பார்த்தசாரதி என்று ஊருக்கே தெரிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அம்மாவுக்கு இன்றும் மணிவண்ணன்தான்.

முதல் அத்தியாயம் வாசித்தேன். தமிழ்ப் பேராசிரியர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் பூரணி தம்பிகளையும் தங்கையையும் வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றத்து வீட்டில் நிற்கிறாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். எந்த வீடு என்று தேடுகிறாளோ என்னவோ.

நான் பூரணி. 1971. தம்பி அரவிந்தன், 1974. கதையில் காதலர்கள், எங்கள் வீட்டில் அக்கா தம்பி. இதில் என்ன பொருத்தம் பார்த்தாய் என்று கேட்டால், "எனக்கு ரெண்டு பேரும் வேணும், அதான்" என்பாள் அம்மா. தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது நான் கல்லூரியில். அதில் ஸ்டாலின்தான் அரவிந்தன். "உன் அரவிந்தன் எங்கடி?" என்று விடுதியில் கேலி செய்வார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான் என்பேன். உண்மையும் அதுதான்.

நவம்பர் 5, புதன்

128. ஏழு டம்ளர். அரவிந்தன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பெரியம்மா வந்தாள். எண்பத்தொரு வயதில் லிஃப்ட் வேண்டாம் என்று இரண்டு மாடி ஏறி வந்தாள். கட்டில்மேல் கிடந்த பைண்டிங்கைப் பார்த்ததும், "இதை இன்னும் எடைக்குப் போடலையா?" என்றாள்.

அப்புறம் தொடங்கியது. இது 65 வருஷச் சண்டை, எனக்கு வசனம்கூட மனப்பாடம். அரவிந்தன் செத்திருக்க வேண்டாம் என்பது பெரியம்மா கட்சி. எல்லா நோயாளிக்கும் ஓடி ஓடிச் செய்தவன் காய்ச்சலில் போகிறான், கல்யாணம் நடக்கவே இல்லை, அவளோ அவனை மனசால் மணந்தவள் என்று சொல்லிக்கொண்டு விதவையாக வாழ்கிறாள். இது என்ன கதை? "ஊரெல்லாம் அழணும்னு ஒரு நல்ல பையனைக் கொன்னுட்டாங்க."

அம்மா படுத்தபடியே பதில் சொன்னாள். சோடியம் 128 உள்ளவள் பேசுகிற பேச்சா அது! "செத்ததாலதாங்க்கா நீயும் நானும் இன்னிக்கு வரைக்கும் அவனைப் பேசுறோம். கட்டிக்கிட்டு ரெண்டு பிள்ளை பெத்திருந்தான்னா அவன் எதிர்வீட்டு வாத்தியார் மாதிரி ஆகியிருப்பான். குறிஞ்சின்னு பேரு வச்சுட்டு வருஷா வருஷம் பூக்க விட முடியுமா?"

"பூக்கட்டுமே. பூத்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவோடு வந்திருந்த மருமகள்கூடச் சிரித்தாள். பெரியம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "வெள்ளைப் புடவை மேல அவளுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாம். பெட்டியோட குடுத்திருப்பேன்."

பெரியப்பா போனது 1971இல். நான் பிறந்து நான்கு மாதம். பெரியம்மாவுக்கு அப்போது 27. எனக்குப் பெயர் வைத்து மூன்று மாதம் ஆகியிருக்கும்.

பெரியம்மா என்னை ஒரு நாளும் பூரணி என்று கூப்பிட்டதில்லை. பாப்பா. 54 வயதிலும் பாப்பாதான். இன்றுதான் இது எனக்கு உறைக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

131. நாளை காலை ஏழு மணிக்கு. அம்மா வாசிக்க வேண்டாம் என்றாள். பூரணி கொடைக்கானலில் நிற்கிறாள், நிற்கட்டும்.

2018இல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானல் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போகவில்லை. கூட்டமாக இருக்கும், ரூம் கிடைக்காது, ஏதேதோ சொன்னேன். அடுத்தது 2030. அம்மாவுக்கு 82. இந்தக் கணக்கை இன்று நாலு தடவை போட்டுவிட்டேன். நாலு தடவையும் 82தான் வருகிறது.

நவம்பர் 8, சனி

முடிந்தது. மூட்டில் பந்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால் பைண்டிங்கைப் புரட்டினேன். கடைசி அத்தியாயங்கள் அதில் கிடையாது. சின்ன வயதிலிருந்தே கிடையாது. பைண்டிங் கடைக்காரன் தொலைத்துவிட்டான் என்பது வீட்டு வரலாறு.

நூலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். தாள்களின் ஓரம் இருக்கிறது, விரல்கடை அகலத்துக்கு. தைத்த பிறகு வெட்டியது. கத்தரி நேராகப் போயிருக்கிறது, ஆத்திரத்தில் கிழித்ததுபோல் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இரவு ஒரு மணி. 127க்கு இறங்கிவிட்டது.

அம்மா ஐ.வி. ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். "அரவிந்தனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டாள். "எந்த அரவிந்தன்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முகத்தை அப்படி வைத்துக்கொண்டாள். "எத்தனை அரவிந்தன்டி இருக்கான் எனக்கு?"

விட்டுவிட்டது, நல்லா இருக்கான் என்றேன். "பொய் சொல்ற. நீ முடிச்சுட்டுத்தான் வந்திருக்க." அப்புறம் அழுதாள். செத்தால்தான் கதை என்று 65 வருஷம் வாதாடியவள்.

நவம்பர் 10, திங்கள்

129. அரவிந்தனிடம் சொன்னேன். அவனுக்கு இந்த நாவல் என்றாலே ஆகாது. நாற்பது பக்கம் தாண்டியதில்லை. ஆனால் அபிப்பிராயம் மட்டும் நானூறு பக்கத்துக்கு இருக்கும். வீட்டில் அரிசி இல்லை, வந்த செக்கைத் திருப்பி அனுப்புகிறாள், இது லட்சியமா, சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதா? பசியில் ரோட்டில் மயங்கி விழுந்தவளைப் பார்த்தவன் கவிதை எழுதுகிறான், ஒரு சோடா வாங்கிக் கொடுக்க மாட்டானா? யாரும் சாதாரணமாகப் பேசுவதே இல்லை, எல்லாருக்கும் எதிரே ஒரு மைக் இருக்கிறது. பள்ளியில் அந்தப் பெயரோடு காப்பி அடித்து மாட்டியவன் அவன். தமிழாசிரியர் அடித்ததைவிட, "இந்தப் பேரை வச்சுக்கிட்டா?" என்று கேட்டதுதான் அவனுக்கு இன்றும் ஆறவில்லை. நியாயம்தான்.

இன்று அதெல்லாம் பேசவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அக்கா, அம்மா கேட்டது என்னையா, அவனையா?" என்றான்.

புதன் இரவு மஸ்கட்டிலிருந்து கிளம்புகிறான்.

நவம்பர் 11, செவ்வாய்

131. ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் சின்னப் பெண், இருபத்து மூன்று இருக்கும். போனில் நாவல் படிக்கிறாள். தினம் ஒரு அத்தியாயம் போடுவார்களாம், படிப்பவர்கள் கீழேயே திட்டுவார்களாம், கதை அதற்கேற்றபடி வளையுமாம். பாவம் பெரியம்மா, அறுபது வருஷம் முன்னால் பிறந்துவிட்டாள்.

என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஹீரோ செத்துட்டா அது எப்படிக்கா லவ் ஸ்டோரி?" என்றாள். அவள் எதையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவாளாம். சேர்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கம். "நாள் பூரா இங்க பாக்கறது போதாதா?"

"ஒருத்தரை ஒருத்தர் தொடவே இல்லையா?" என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். "கெட்டவனா ஒரு சீன்ல கூட இல்லையா?" அவள் படிப்பதில் எல்லாம் ஹீரோ முதலில் முரடனாக இருந்து பிறகு திருந்துவானாம். முதல் பக்கத்திலேயே திருந்திய ஒருவனை வைத்துக்கொண்டு எப்படி நானூறு பக்கம் ஓட்டுவது? எனக்கும் பதில் தெரியவில்லை.

போகும்போது என் போனை வாங்கி ஏதோ தட்டினாள். இரண்டு நிமிடம்கூட இல்லை, முழு நாவலும் வந்துவிட்டது. கடைசி அத்தியாயமும். போனை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

132. ஒன்பது டம்ளருக்கு அனுமதி. நடக்க வைத்தார்கள், வாக்கரோடு ஆறு அடி.

எல்லாரிடமும் கேட்டாயிற்று. நான் என்ன நினைக்கிறேன்? பதினேழு வயதில் நூலகப் பிரதியில் முடிவைப் படித்து அழுதேன். பூரணி மாதிரி ஆக வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். முப்பது வயதில் எரிச்சல். ஒரு பெண் மேடையில் பேசுகிறாள், படித்தவள், தேர்தலில் நிறுத்தலாமா என்று யோசிக்கிற அளவுக்கு ஊர் மதிக்கிறது. அவளை அனுப்பி வைக்கிற இடம் அதுதானா? தாலி கட்டாதவனுக்கு விதவையாக. பெண்கள் இதைப் படித்துவிட்டா பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள்? வைத்தார்கள். என் வகுப்பில் மட்டும் இரண்டு பூரணி.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கொடைக்கானல் பகுதியை எனக்காக மட்டும் படித்தேன். மாட்டிக்கொண்டேன். மூன்று மணி. எல்லாக் குற்றமும் அப்படியே இருக்கிறது, பேச்சுகள் நீளம்தான், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னால் ஒரு பழம்பாட்டு நிற்பதும் பழைய பழக்கம்தான், ஆனாலும் திருப்பிக்கொண்டே போனேன். அம்மா விழித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இல்லாமலா?" என்றாள்.

மணமாகாதவள் என்பதால் எனக்கு இதில் தனிக் கருத்து இருக்கும் என்று சித்தி நினைக்கிறாள். இல்லை. அல்லது இருக்கிறது, அவளுக்குச் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

அரவிந்தன் வந்துவிட்டான். தலை நிறைய நரை. அம்மா அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், ரொம்ப நேரம். "சூடு இல்லை" என்றாள். அவன் வெளியே போய் காபி வாங்கப் போகிறேன் என்று அரை மணி நேரம் வரவில்லை.

மாலையில் அவனே வாசித்தான். செக்கைப் பற்றியோ சோடாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. மைக் முன்னால் பேசுகிற குரலில்தான் வாசித்தான். அந்தக் குரலில் வாசித்தால் நன்றாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய இடம் வரை வந்துவிட்டோம். "அவ்வளவுதானா?" என்று புரட்டிப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். மேகம்.

"மிச்சம் போன்ல இருக்கு" என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

134. பெரியம்மா நான்கு மணிக்கு வருகிறாளாம், முறுக்கு கொண்டு வருகிறாளாம். உப்பு தூக்கலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். போன் சார்ஜ் 11 சதவீதம். அரவிந்தன் சார்ஜரை எங்கே வைத்தான் என்று