பனிக்காலத்தில் இரண்டு நாள் வெளியே போகிறவர்களுக்கு

பனியில் சறுக்கத் தெரியாதே என்று வீட்டில் முடங்க வேண்டாம். ஸ்னோஷூ (கால் பனியில் புதையாமல் இருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம்) மாட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் நடப்பதுதான் என் முதல் சிபாரிசு. நடக்கத் தெரிந்தால் போதும். கோடையில் ஒரு மணி நேரம் எடுக்கும் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், சீக்கிரம் இருட்டிவிடும். உள்ளே பருத்தி பனியன் கூடவே கூடாது. வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது, நின்ற மாத்திரத்தில் நடுக்கம் எடுக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள்.

உறைந்த ஏரி மேல் நடப்பதாக இருந்தால், தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் கட்டிக்குப் பாதி பலம்தான். அதற்கு 20 செ.மீ. பார்க்கணும். ஓரிடத்தில் துளைபோட்டு அளந்துவிட்டு ஏரி முழுக்க அப்படித்தான் என்று நம்பாதீர்கள். ஓடை வந்து சேரும் இடம், பாலத்தடி, நாணல் ஓரம் எல்லாம் மெலிந்தே இருக்கும்.

ராத்திரி காரை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வழியில் பனியில் சிக்கினால், ஹீட்டருக்காக எஞ்சினைப் போடும் முன் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிடுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும், வாசனையே தெரியாது. மண்வெட்டி டிக்கியில் கிடக்கட்டும்.