ப்ளோயர் சுற்றவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது

டெக்சஸில் ஜூலை வெயிலுக்கு ஏசி இல்லாமல் ஒரு மத்தியானம்கூடத் தாங்காது. எங்கள் வீட்டில் வெளியே கண்டென்சர் யூனிட் நன்றாகவே ஓடியது, உள்ளே வென்ட்டில்தான் காற்று வரவில்லை. வந்து பார்த்த டெக்னீஷியன், "பழைய யூனிட், மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்று ஆயிரக்கணக்கான டாலருக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டாரில் மீட்டரே வைக்காமல் சொன்ன அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் படுத்த வாக்கில் கிடக்கும் உள் யூனிட்டான ஏர் ஹேண்ட்லருக்குள் முக்கியமானவை இரண்டு: குளிர்ந்த காயில், அதன் வழியே வீட்டுக் காற்றை இழுத்துத் தள்ளும் ப்ளோயர். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று போக வேண்டும். எங்களுடையது 3 டன், அப்படியானால் 1200. அந்தக் காற்று நின்றுவிட்டால் காயிலுக்கு வெப்பம் கிடைக்காது, மேலே பனி கட்டிவிடும். பனியைப் பார்த்ததும் கேஸ் குறைவு என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அப்படியே ஓடவிட்டால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குத் திரும்பி அதையும் கெடுக்கும். அதனால் முதல் வேலையாகக் கூலிங்கை அணைத்துப் பனி உருக விட்டேன்.

அப்புறம் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை மட்டும் ஆன் செய்துவிட்டு மேலே ஏறினேன். போர்டில் ஜி (ஃபேனை ஓடச் சொல்லும் சிக்னல்), சி (பொது ஒயர்) முனைகளுக்கு நடுவே 24 வோல்ட் இருந்தது, அதாவது சிக்னல் வருகிறது. மோட்டாருக்கு 240 வோல்ட்டும் போகிறது. ஆனால் மோட்டார் "உம்ம்" என்று முனகியதே தவிர, நகரவில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டு ப்ளோயர் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் சுற்றியது. பேரிங் நன்றாக இருக்கிறது, அப்படியானால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்.

நம் ஊர் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் முதலில் எதை மாற்றுவார்? அதே விஷயம்தான் இங்கேயும். இந்தப் பழைய பிஎஸ்சி (கெப்பாசிட்டர் எப்போதும் இணைந்தே ஓடும் வகை) மோட்டாரில் இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் சற்று முன்தள்ளிக் கொடுப்பதால்தான் சுழல்விசை பிறக்கிறது. கெப்பாசிட்டர் லேபிளில் கொள்ளளவு 10 மைக்ரோஃபாரட், கூட்டிக் குறைத்து 5 சதவீதம், 370 வோல்ட் என்று இருந்தது. 9.5க்குக் கீழே போகக் கூடாது. சார்ஜை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, ஒயரைக் கழற்றி அளந்தால் மீட்டர் 4 கூடக் காட்டவில்லை! மேல்மூடியும் லேசாக உப்பியிருந்தது.

புதியது இருபது டாலருக்குள் கிடைத்தது. மைக்ரோஃபாரட் அதே அளவாக இருக்க வேண்டும். வோல்ட் 440 ஆக இருந்தாலும் பரவாயில்லை, 370க்குக் குறையக் கூடாது. சக்கரத்தின் இதழ்களில் படிந்திருந்த தூசியையும் சுரண்டி எடுத்தேன், அதுவும் காற்றைக் குறைக்கும். மாட்டி ஓடவிட்டபோது, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 18 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். நல்ல அளவு.

மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், 240 வோல்ட் விளையாட்டில்லை. ஆனால் வருபவரிடம் கெப்பாசிட்டரை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். புதிய யூனிட்களில் பெரும்பாலும் இசிஎம் எனும், எலக்ட்ரானிக் முறையில் ஓடும் மோட்டார்தான். அதில் இந்தக் கெப்பாசிட்டர் கிடையாது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது எலக்ட்ரானிக் மாட்யூல். பல மாடல்களில் மாட்யூலை மட்டும் தனியாக மாற்ற முடியும். முழு மோட்டாருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதையும் கேட்டுவிடுங்கள்.