ஏர் ரைபிள் வாங்குமுன் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள்

ஒருவழியாக மகளுக்கு ரைபிள் வாங்கியாகிவிட்டது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். 10 மீட்டர் ஏர் ரைபிள் (அழுத்தக் காற்றில் குண்டைத் தள்ளும் துப்பாக்கியால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைச் சுடும் விளையாட்டு) பழகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

எந்த பிராண்ட் நல்லது, எது காசுக்கு ஏற்றது என்று தேடினால் முதலில் வந்து விழுவதெல்லாம் அமெரிக்காக்காரர்களின் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் பேச்சுதான். அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். நம் சட்டத்தில் அது பெரும்பாலும் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது. நம் பிள்ளைகள் பிடிப்பது ஒரு குண்டு போட்டு ஒரு தடவை சுடும் ரைபிள். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிள்கள் அந்த ஆற்றலில் பாதியைக்கூட எட்டாது.

லைசென்ஸ் வேண்டாம் என்றதும் கையை வீசிக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் கேட்பார்கள். எங்கள் ஆதாரில் இன்னும் பழைய வியாசர்பாடி முகவரிதான். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் செல்லாது என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வேறு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை, "சார் வரலையா மேடம்?" என்பதுதான் திரும்பத் திரும்ப. சார் கப்பலில் இருக்கிறார், ஆறு மாதம் கழித்து வருவார், அதுவரை ரைபிளை எடுத்து வைக்கிறீர்களா என்றேன். அதன் பிறகுதான் மேனேஜரிடம் அனுப்பினார்.

அந்தக் கடையில் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் என்று எதைத் தொட்டாலும் புதிது லட்சக்கணக்கில் போகிறது. நம் நாட்டுத் தயாரிப்பான ப்ரெசிஹோல் அதைவிட எவ்வளவோ மலிவு, ஆரம்பத்துக்கு நன்றாகவே போதும். மகள் மாநிலப் போட்டி வரை வந்துவிட்டதால், நல்ல நிலையில் இருக்கும் ஜெர்மன் ரைபிளை செகண்ட் ஹேண்டில் பாருங்கள் என்று கோச் சொன்னார். கூத்து அங்கேதான் ஆரம்பம்.

விற்பவர் நகரத்தின் இன்னொரு கோடி. போனில் "புதுசு மாதிரி இருக்கு" என்று சொல்லி அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார். பஸ் மாறிப் போய்ப் பார்த்தால் ரைபிள் என்னவோ பளபளப்புதான். காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரைச் சுற்றி மட்டும் கிளப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மகள் சும்மா நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர் ஓரம் கிழிந்து, அடியில் பொறித்திருந்த தேதி தெரிந்தது. இந்தச் சிலிண்டர்களுக்கு வழக்கமாகப் பத்து வருடம் ஆயுள். இது தாண்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சும்மா போடுறது மேடம், காத்து நிக்குதா, அதைப் பாருங்க" என்றார். சும்மா இல்லை. உள்ளே 200 பார் அழுத்தம், அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவது என் பிள்ளை. தவிர, தேதி தாண்டாத சிலிண்டர் வைத்திருப்பது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. புது சிலிண்டர் வரவழைக்கப் பணமும் ஆகும், காத்திருப்பும் ஆகும். அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான் போட்ட சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். முழுசாக வந்தது.

இதில் இன்னொன்று. மகளுக்கு இடது கை. அந்த ரைபிளின் மரப்பிடி வலது கைக்கானது. "பழகிடும் பாப்பா" என்று அவளிடமே சொல்கிறார்! பழகாது. 10 மீட்டர் தள்ளி இருக்கும் பத்துப் புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். மணிக்கட்டு கோணிக்கொண்டு பிடித்தால் அது எட்டாவது வளையத்துக்குத்தான் போகும்.

காற்று அடிப்பது அடுத்த தலைவலி. பஞ்சர் கடை கம்ப்ரசர் இதற்குக் கிட்டவே வராது. வெல்டிங் கேஸ் விற்கும் ஒரு கடையில் விசாரித்தபோது, "ஆக்ஸிஜன் இருக்கு, புடிச்சித் தரவா?" என்றார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் ஒரு துளி எண்ணெய், கிரீஸ் பட்டாலே பற்றிக்கொள்ளும், சிலிண்டர் வெடிக்கும். வேண்டியது ஈரமில்லாத சுத்தமான சாதாரணக் காற்று. முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் பெரிய சிலிண்டரிலிருந்து அடாப்டர் போட்டு நிரப்புவார்கள். கைப் பம்பிலும் அடிக்கலாம், ஆனால் ஈரம் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோளும் கழன்றுவிடும்.

அந்த அடாப்டர்தான் கடைசியில் பிராண்டை முடிவு செய்தது. ஒரு பிராண்டின் அடாப்டர் இன்னொன்றுக்குச் சேரும் என்று நம்ப முடியாது. எங்கள் கிளப்பில் பாதிப் பேர் வைத்திருப்பது ஃபெயின்வெர்க்பாவ். அடாப்டர், காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங், பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு அண்ணன், எல்லாம் அங்கேயே. அதனால் நெட்டில் வரும் தரவரிசையை விட்டுவிட்டு, உங்கள் ஷூட்டிங் ரேஞ்சில் அதிகம் பேர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் ரிப்பேர் ஆகாத ரைபிள் எவ்வளவு மலிவாக வந்தாலும் நட்டம்தான்.

கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் தன்னுடைய ஃபெயின்வெர்க்பாவ் 700 மாடலைக் கொடுத்துவிட நினைக்கிறாள் என்று கோச் மூலம் தெரிந்தது. சிலிண்டர் தேதி இன்னும் பல வருடம் இருக்கிறது. இந்தத் தடவை காற்றை நிரப்பி, ஓர் இரவு அப்படியே வைக்கச் சொன்னேன். காலையில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அசையாமல் அதே இடத்தில் நின்றது. இடது கைப் பிடி மட்டும் தனியாக வாங்கினோம். பணம் கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொண்டேன், பழைய பில்லோடு. அந்தக் காகிதங்களின் நகல் எப்போதும் ரைபிள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கக் கூடாது. பெட்டியோடு, ஸ்கேனர் வைத்திருக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் போகாதீர்கள், ஆட்டோதான் நிம்மதி. அந்தப் பெட்டியைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் மகள் கீபோர்டு கிளாஸ் போகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும்.

கடைசியாகக் குண்டு. குண்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று நூலிழை வித்தியாசத்தில் வரும். எந்தக் குழலுக்கு எது சேரும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். மொத்தமாக வாங்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்குங்கள். எங்களுடையதற்கு 4.50 சேர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் பிரித்த டப்பாவாக வீட்டில் கிடக்கிறது, தண்டையார்பேட்டைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன்.