கொம்பு முதலில்

சாயங்காலம் ஐந்து மணியானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலையில் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் 2022 தொடக்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது பழகிய பழக்கம்.

அவர்களில் ஒருவன் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனான். ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தது 2020ல், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது. வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்ததோ 2021 நவம்பர் 1 அன்று, இரண்டாம் வகுப்பில்! ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, சரி. ஆறு வயசுப் பிள்ளையை யார் அதன் முன்னால் உட்காரவைப்பது? வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும். அதுவும் பத்தாவது படித்த அக்காவுக்கு.

'கொடி' என்று எழுதச் சொன்னால் இப்போதும் முதலில் க போடுவான், பக்கத்தில் கால் போடுவான், அப்புறம் திரும்பி வந்து முன்னால் கொம்பை இடுக்கி வைப்பான். வாசிக்கும்போதும் அப்படித்தான்: "கெ... கா... டி." ஒன்றாம் வகுப்பு டீச்சர் விரலைப் பிடித்து "கொம்பு முதல்ல" என்று நூறு தடவை சொல்வார். அந்த நூறு தடவை இவனுக்குக் கிடைக்கவே இல்லை.

இவன் ஒருவன் மட்டுமில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018ல் நூற்றுக்குச் சுமார் 40 பேர், 2022ல் 25 பேர் என்கிறது கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பு.

அவன் தங்கை 2022 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிய அதே மாதம். அதன் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் படிப்படியாக ஏறியவள் இன்று தடுமாறாமல் வாசிக்கிறாள். போன வாரம் அண்ணனின் சமூக அறிவியல் பாடத்தை அவள் வாசிக்க, நான் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். இந்தப் பையனைத்தான் "படிப்பு ஏறாது" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பாடம் அவனுக்கு ஏறுகிறது. எழுத்துத்தான் வழி மறிக்கிறது.

அதனால் தினமும் பத்து நிமிஷம் கொம்பு வரும் சொற்கள் மட்டும் எழுதுகிறோம். நேற்று 'தொட்டி'க்குக் கொம்பை முதலில் போட்டான். 'கோழி'யில் மறுபடி க முதலில் வந்தது. அழித்துவிட்டு, நான் சொல்லாமலே திரும்ப எழுதினான்.