நடப்பதைவிட உட்காருவதுதான் கஷ்டம்

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையே பிசியோதெரபிஸ்ட் வந்து "எழுந்திருக்கலாமா?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகெலும்பில் கை வைத்திருக்கிறார்கள், ஒரு வாரமாவது படுத்தே கிடக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது மைக்ரோடிஸ்கெக்டமி. கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திய டிஸ்க்கின் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு) துண்டை மட்டும் எடுத்தார்கள். ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைத்தவர்களுக்குக் கணக்கு வேறு, அந்த எலும்புகள் ஒன்றுசேரவே மாதக்கணக்கில் ஆகும்.

அன்று நடையைவிட எழுவதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒருக்களிக்க வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். கால்களின் பாரமே மேலுடம்பைத் தூக்கிவிடுகிறது, முதுகு முறுக்கவே தேவையில்லை. உட்கார்ந்ததும் தலை சுற்றியது. கட்டில் ஓரத்திலேயே இருந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். படுத்திருக்கும்போதும் இதைச் செய்ய வேண்டுமாம்; கெண்டைக்கால் தசை அசைந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தேங்கி உறையாது. அப்புறம் வாக்கரைப் பிடித்துக் கதவு வரை போனேன். 10 அடி இருக்கும். வேர்த்துக் கொட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு ஐந்தாறு முறை நடை. அது பழகிவிட்டது. உட்காருவதுதான் பாடாய்ப் படுத்தியது. கூன் போட்டு உட்கார்ந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் கூடும் என்பதால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டேன். பாதிச் சாப்பாட்டில் மணி அடிக்கும், மீதியை நின்றுகொண்டே முடிப்பேன்.

பத்தாம் நாள் வலியே இல்லை. சரி, குணமாகிவிட்டது என்று ஒரே மூச்சில் 40 நிமிடம் நடந்தேன். மறுநாள் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை பழைய வலி மின்சாரம் போல இழுத்தது. பயந்துபோய் டாக்டரை அழைத்தேன். மூன்று கேள்விகள் கேட்டார்: சிறுநீர் தடையின்றிப் போகிறதா, தொடை இடுக்கு மரத்திருக்கிறதா, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா? இவற்றில் கோளாறு இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். எனக்கு எதுவும் இல்லை. 2 நாள் பழைய 5 நிமிடத்துக்கே திரும்பினேன், வலி அடங்கியது.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கல். முக்கினால் தையல் போட்ட இடம் வரை தெறிக்கும். நடையோடு தண்ணீரும் மலமிளக்கியும் சேர்ந்த பிறகே நிம்மதி.

இப்போது ஆறாவது வாரம். இடது கால் கட்டைவிரலில் மரத்துப்போன உணர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது; நரம்பு நிதானமாகத்தான் தேறுமாம். குனியாமல், காலை மறு தொடைமேல் வைத்து நேற்று நானே சாக்ஸ் போட்டேன். வலது காலுக்கு மட்டும். இடது கால் சாக்ஸ் இன்னும் மனைவியின் பொறுப்பில்தான் இருக்கிறது.