பாதி மாத்திரை

ஒரு மாதத்துக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்து இரண்டு மாதம் ஓட்டும் அம்மாக்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். இதை 'அக்கறை இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாடகை, பிள்ளையின் பஸ் காசு, மருந்துச் செலவு எல்லாம் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கும் வீட்டில், தள்ளிப்போட முடிந்தது அம்மாவின் உடம்பு மட்டும்தான்.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு பற்றிப் படித்ததிலிருந்து இது மனதை விட்டுப் போகவே இல்லை. அரசு ஊழியர்களைத்தான் ஆராய்ந்தார்கள். மாதச் சம்பளம், இலவச மருத்துவம் எல்லாம் இருந்தவர்கள். அப்படியிருந்தும் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. புகைப்பழக்கம், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுசாக மறையவில்லை. சரி, நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கே இப்படி என்றால், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பவர்களின் நிலைமை?

அப்புறம் வீடு. சுவரில் ஓதம் ஏறி, மூலையில் பூஞ்சை கறுத்துக் கிடக்கும் ஒற்றை அறையில் ராத்திரி முழுக்க மூச்சு இரைக்கும் குழந்தை. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிடுவார். சுவரைச் சரிசெய்யச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் கேட்டால், காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அந்தக் குடும்பம் வாயே திறப்பதில்லை.